தொட்டி நிழல்

காரை விற்றோம்.
அந்தக் காசு மொட்டைமாடி ஏறி
பத்துக் கறுப்புப் பேனல்களாய்
தெற்கு பார்த்துச் சாய்ந்து கொண்டது.
பற்றாத பணத்துக்கு என் வளையல்கள் நான்கு.
கதவுக்குப் பின்னால் பேட்டரியாய் நிற்கின்றன,
கையில் கிடந்தபோது போட்ட சத்தத்தை விட்டுவிட்டு.

மினாவில் அரசாங்கக் கரண்ட் ஒரு வதந்தி.
வந்து போனதாகச் சொல்வார்கள்,
பார்த்தவரைப் பார்த்தவர்கள்.
அபூ ஷாதியின் ஜெனரேட்டரோ
ஐந்து ஆம்பியருக்கு
மாதம் பிறக்குமுன் டாலரில் கை நீட்டும்.
போன மே மாதம் அவன் இணைப்பைக் கழற்றினோம்.
செத்த பாம்பை வால் பிடித்துத் தூக்குவதுபோல
கஸ்ஸான் அந்த ஒயரைக் கொண்டுபோய்ப்
பரணில் எறிந்தார்.

நான் இரண்டு மருந்துக்கடைகளுக்குக் கணக்கெழுதுகிறவள்.
இப்போது வீட்டிலும் ஓர் எண் குடியிருக்கிறது.
"எவ்வளவு?"
"அறுபத்திரண்டு."
"இஸ்திரி போடட்டுமா?"
"பன்னிரண்டுக்கு மேல் கேள்."
ராத்திரியில் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் அனுமதி,
எனக்கும் அவருக்கும் சேர்த்து ஒரு பல்பு.

ஜூலையில் காலை பதினொன்றுக்கே நூறு.
அதற்குமேல் வந்த வெயிலெல்லாம்
நிறைந்த குடத்தில் விழும் குழாய்த் தண்ணீர்.
பார்க்கப் பொறுக்காமல் கேக் சுட்டேன்.
யாருக்கும் பிறந்தநாள் இல்லை.

நவம்பரில் சூரியன் தாழ்ந்து நடந்தது.
சரியாக மூன்று பத்துக்கு
கீழ்வீட்டு வதீஹின் தண்ணீர்த் தொட்டி
என் ஒன்பதாம் பேனலில் தன் நிழலைக் கிடத்தியது.
ஒன்று இருண்டால் போதும்,
வரிசையே சோர்ந்துவிடும்.

நகர்த்தச் சொன்னேன்.
"தொட்டி முப்பது வருஷமாய் அங்கேதான் இருக்கிறது.
உங்கள் சூரியன்தான் புதிது" என்றார்.
சொல்ல வேண்டிய பதில்கள் நாலைந்து
படியேறி வந்து கதவைச் சாத்தியபின் கிடைத்தன.

அப்புறம் பேச்சில்லை.
நிழலுக்கு ஒரு பேரேடு போட்டேன்:
தேதி, நிமிடம், இழந்த வாட்.
பக்கத்துக்குப் பக்கம் கூட்டி, கீழே கோடிட்டு,
யாரிடம் வசூலிப்பது என்ற கட்டத்தை மட்டும்
காலியாக விட்டேன்.

ஜனவரியில் நான்கு நாள் மழை.
பன்னிரண்டு சதவீதம். பிறகு ஒன்பது.
ஃப்ரிட்ஜை நிறுத்தினோம். தயிர் புளித்தது,
நாங்களும்.
மூன்றாம் நாள் மேலே ஏதோ கரகரத்தது.
காற்று தகரத்தை இழுக்கிறது என்றார் கஸ்ஸான்.

ஐந்தாம் நாள் வெயில்.
பேனல் துடைக்கத் துணியோடு ஏறினேன்.
தொட்டி அதே இடத்தில்தான் இருந்தது,
ஆனால் குட்டையாகியிருந்தது.
அதன் இரும்புக் கால்களை
இரண்டு சாண் அளவுக்கு அறுத்திருந்தார்கள்.
வெட்டுவாயில் பளபளப்பு இன்னும் போகவில்லை.
தரையில் இரும்புத்தூள்
ஈரத்தில் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

மூன்று பத்து வரை அங்கேயே நின்றேன்.
நிழல் வந்தது.
ஒன்பதாம் பேனலின் விளிம்பைத் தொட்டது.
சுவரோரமாய் நகர்ந்து போய்விட்டது.

நன்றி சொல்லப் போகவில்லை.
எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?
அன்றிரவு அவர் குளியலறையில்
தண்ணீரில் வேகமில்லை என்று
தன்னைத்தானே திட்டிக்கொள்வது
சுவர்க்குழாய் வழியே எங்கள் வீடுவரை கேட்டது.
உயரம் போனால் வேகமும் போகும்.
அறுக்கும்போதே தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை பரணில் ஏறி
அந்தப் பழைய ஒயரை எடுத்து
பால்கனியிலிருந்து கீழே விட்டேன்.
அரைநாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை எழுந்தேன்.
ஐந்து மணி வாக்கில் ஒரு வெட்டு,
தூண்டிலை மீன் கவ்வியது போல.

இன்னும் பேச்சு அதிகமில்லை.
படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு,
சில நாள் அதுவும் இல்லை.

நடுநிசிக்குமேல் விழிப்பு வந்தால்
இன்வெர்ட்டரின் பச்சை எண்களுக்கு முன் போய் நிற்பேன்.
ஃப்ரிட்ஜ் ஓய்ந்திருக்கும்.
கஸ்ஸானின் குறட்டைக்குக் கரண்ட் வேண்டாம்.
எங்கள் வீட்டில் எதுவும் எரியவில்லை.

நாற்பது வாட் என்கிறது திரை.

வதீஹ் இன்னும் தூங்கவில்லை.