ஒன்றுக்கு ஒன்றேகால்

பேட்டை ரயில்வே கேட் தாண்டி
மூன்றாவது ஷெட் என்னுடையது.
ஆனி பிறந்த மறுநாள்
சவரிராயன் கொண்டுவந்து நிறுத்தினார்,
யுத்தத்துக்கென்று செய்த டாட்ஜ் வண்டியை.
ஏலத்தில் கைமாறிக் கைமாறி
இப்போது ராதாபுரத்தில்
காற்றாடிகளுக்குக் கேபிள் உருளை சுமக்கிறது.

"தேரி மணல்ல இதுக்கு ஈடு கெடையாது வே.
நாலுவழிச் சாலைல ஏறுனாத்தான் மானம் போவுது.
அம்பதுக்கு மேல எஞ்சின் அழுவுது.
நேத்து ஒரு வைக்கோல் லாரிக்காரன்
என்னைய முந்திட்டுக் கையக் காட்டிச் சிரிக்கான்."

கழற்றினோம்.
நாலு கியர்ப் பெட்டி. நேர்ப்பல் சக்கரங்கள்.
உச்சிமாகாளி மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்து
"அண்ணாச்சி, இதுல ஒரு கொறையும் இல்லயே" என்றான்.
இல்லைதான்.
வேகமாகப் போக வேண்டும் என்று
அதனிடம் யாரும் சொன்னதில்லை.
சேற்றில் ஏற, பீரங்கி இழுக்க
ஒரு பொறுமையை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

முகம் நொறுங்கிய வேன் ஒன்றின்
ஐந்து கியர்ப் பெட்டியை
தச்சநல்லூரில் எடைக்கு வாங்கினேன்.
அதன் கடைசி கியரில்
எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால்
ஷாப்ட் ஒன்றேகால் சுற்றும்.
அந்தக் கால் சுற்றுக்குத்தான்
பதினெட்டு நாள்.

இரண்டு இரும்புக்கும் துளைப் பொருத்தம் இல்லை.
சம்பந்தம் பேச நடுவில் ஒரு தகடு வேண்டும்.
மேலப்பாளையம் மீரான் பிச்சை
முக்கால் இஞ்சு பிளேட்டைக் கடைந்து தந்தார்.
மாட்டினால் மையம் கால் நூல் விலகல்.
"கால் நூல்தானே" என்றார் சவரிராயன்.
மீரான் பிச்சை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
"தறியில கால் நூல் செல்லும்.
இங்க பேரிங் பொடியாப் போவும்" என்றார்.
மறுபடி கடைந்தார்.

பெட்டி நாலு இஞ்சு நீளம் கூடுதல்;
ஷாப்டில் நாலு இஞ்சு வெட்டி ஒட்டினோம்.
கியர் ராடு சீட்டில் முட்டியது;
பழுக்கக் காய்ச்சி வளைத்தோம்.
வளைந்தபின் அது
எட்டிப் பார்க்கும் பக்கத்துவீட்டுக்காரன் மாதிரி நின்றது.

டாஷ்போர்டில் ரிவிட் அடித்த பித்தளைத் தகடு.
எந்த கியரில் எத்தனை மைல், அதற்கு மேல் கூடாது,
நாலே வரியில் ராணுவ உத்தரவு.
உச்சிமாகாளி ஆணியோடு
ஐந்தாம் வரி கீறப் போனான்.
"வேண்டாம்லே.
அஞ்சுக்கு ஒருத்தனும் ஆர்டர் போடல.
அப்படியே கெடக்கட்டும்."

நாங்குநேரி வரை பறந்தது என்று சொல்லமாட்டேன்.
ஐந்தில் விழுந்ததும் எஞ்சின் குரல் இறங்கியது,
சண்டை நடக்கும் வீட்டுக்குள்
விருந்தாளி நுழைந்தாற்போல.
அறுபத்திரண்டு.
அவர் இடதுகால் மட்டும் நம்பவில்லை.
ஒரு தடவை மிதித்தால் போதும் என்று சொல்லியும்
கியருக்கு இரண்டு மிதி.

பணகுடி நெருங்க எதிர்க்காற்று.
கணவாய் அவிழ்த்துவிட்ட காற்று
தட்டை முன்கண்ணாடியில் உள்ளங்கை வைத்துத் தள்ளியது.
அறுபத்திரண்டு, ஐம்பத்தைந்து, மூச்சுத் திணறல்.
இரண்டு மிதி. நாலாம் கியர்.
நாற்பத்தெட்டு.
இரண்டு பக்கமும் அவர் கேபிள் போட்ட காற்றாடிகள்
எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லாததுபோல் சுற்றின.

நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்:
பெட்டி, பிளேட், கடைசல் கூலி.
ஆடி முடிகிறவரை
திருநெல்வேலிக்கு வரும்போது புது வண்டி,
வீட்டுக்குப் போகும்போது பழைய வண்டி.
சொல்லத் தயங்கினேன். அவரே சொன்னார்:
"அந்தக் காத்துலதான் வே எனக்குச் சோறு.
அத எதுத்து அறுபதுல போவணும்னா எப்படி?"

காவல்கிணறில் டீ. வண்டியைத் திருப்பினோம்.
காற்று முதுகுக்கு வந்தது.
அறுபத்தைந்தில், ஐந்தாம் கியரில்,
பின்பெட்டியில் நான் மறந்துவிட்ட
பதினாறு-பதினேழு ஸ்பானர்
அங்குமிங்கும் உருள்வது
தெளிவாகக் கேட்டது.