இருபத்துமூன்று கிலோ

இரவு பத்துக்குத் திருகோணமலையில் பஸ்.
கட்டுநாயக்காவில் இறங்க விடிய நாலு.
விமானம் ஏழே காலுக்கு.
ஹபறணைக் காட்டில் யானை மறித்தால்?
ஒன்பது என்று எழுதி, வெட்டி,
எட்டரை என்று எழுதுகிறேன்.

தோகாவில் பதினொரு மணித்தியாலம்.
மலிவு டிக்கெட் அப்படித்தான்,
நித்திரையையும் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

ஜெறோமுக்கு இந்தக் கணக்கெல்லாம் விளங்காது.
ஆடியில் புறாத்தீவடியில்
வெள்ளைக்காரரைக் கடலுக்குள் இறக்குகிற ஆள்.
மார்கழியில் தண்ணி கலங்க
சிலிண்டர்களைக் கழுவி அடுக்கிவிட்டுச் சொன்னான்:
"தாண்டது காணும். இனிச் சறுக்குவம்."

ஜோர்ஜியாவில் காசுக்குப் பேர் லாரி.
நாலு நாள் பனிச்சறுக்குப் பலகை வாடகை
எங்கள் கணக்கில் அரை லொறி மணல்.
கம்பளிக் கையுறை கேட்டதற்கு
மத்திய வீதிக் கடைக்காரர்
"நுவரெலியாவுக்கா?" என்றார்.
ஓம் என்றுவிட்டேன்.
விசா கதையை அவருக்கும் சொல்ல ஏலாது.

பொதியை மீன் தராசில் கொழுவினோம்.
இருபத்துநாலரை.
ஜாக்கெட்டுக்குள் சுற்றி ஒளித்திருந்த
பாரைக் கருவாடு ஒன்றரைக் கிலோ
வெளியே வந்தது.
ஜெறோம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பஸ் நிலைய வாங்கிலில்
அச்சடித்த தாள்களை வைத்துவிட்டு
சில்லறை எண்ணித் திரும்பினேன்.
புள்ளிமான் ஒன்று
தோகாவை மென்றுகொண்டு நின்றது.
திபிலிசி ஏற்கெனவே தொண்டைக்குள்.
மிஞ்சியது குடவுரி ஹோட்டல் தாள் மட்டும்,
ஒரு மூலை
எச்சிலில் நனைந்து.