ஏழாவது கேள்வி

எல்லோரும் கைகழுவிவிட்ட பாடம் எங்களுடையது.
கைகழுவச் சொல்லித்தருவதும் அதுதான்.
வெள்ளிக்கிழமை, கடைசி மணி.
அறுவை அரங்கிலிருந்து நேராக வருவார்கள்
விரலிடுக்கில் கையுறைத் தூளும்
கண்ணில் தூக்கமுமாக.

"வராத நோய்க்கு மார்க் எப்படிப் போடுவீர்கள்?"
முதல் வகுப்பிலேயே கேட்டான் திலெக்.
நல்ல கேள்வி.
வருகைப் பதிவேட்டைத் திறந்து
பெயர் கூப்பிட ஆரம்பித்தேன்.

ஏப்ரலில் ஒன்பது பேரை
நரின் மலைப்பக்கம் கூட்டிப்போனேன்.
பிஷ்கெக்கில் துலிப் பூத்துவிட்டது,
கணவாயில் இன்னும் சங்கிலி கட்டித்தான் ஓடுகின்றன சக்கரங்கள்.
ஆடுகள் குட்டி போடும் பருவம்.
குறையாய் விழுந்த குட்டியை வெறுங்கையால் எடுத்து
நஞ்சுக்கொடியை நாய்க்கு எறிந்துவிட்டு
அந்தக் கையாலேயே ரொட்டி பிட்கிற ஊர்.
சாயங்காலம் காய்ச்சல். இராத்திரி சட்டை நனைய வியர்வை.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்
முப்பது வயது ஆண்கள்.
மலைக்காற்று என்பார்கள் அவர்கள்.
ப்ரூசெல்லா என்போம் நாங்கள்.

நாற்பத்தொரு வீடு. பதினான்கு கேள்வி.
ஏழாவது:
குட்டி எடுத்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறீர்களா?
கழுவுகிறோம்.
கழுவாமல்?
கழுவுவோம், கழுவுவோம், நீங்கள் இன்னொரு கிண்ணம் தேநீர் குடியுங்கள்.

மீரிம் அன்றிரவே சதவீதம் போட்டாள்.
தொண்ணூற்றெட்டு.
வட்டம் வரைந்து பச்சை தீட்டினாள்,
இரண்டு சதவீதத்துக்கு மட்டும் சின்னதாய்ச் சிவப்பு.

திலெக்கைக் காணோம்.
சிகரெட் வாங்கப் போனவன்
கனிஷாயின் கடையிலேயே உட்கார்ந்துவிட்டான்,
அவளுடைய கடன் நோட்டைப் புரட்டிக்கொண்டு.
மாவு. சர்க்கரை. பேட்டரி. மாவு. வோட்கா. மாவு.
மார்ச் ஒன்றிலிருந்து இன்றுவரை
ஊர் முழுக்கச் சோப்பு, ஆறு கட்டி.
"அதில் இரண்டு நான் எடுத்தது" என்றாளாம் கனிஷாய்.

பச்சை வட்டத்தைப் பார்த்தபடி
"பொய் சொல்லியிருக்கிறார்கள்" என்றாள் மீரிம்.
குரல் உடைந்திருந்தது.

காலையில் கனிஷாயே வந்தாள்,
நோட்டைத் திரும்ப வாங்கிப்போக.
"விருந்தாளி கேட்டால் இல்லையென்றா சொல்வார்கள்?
சோப்பைக் கேட்டீர்களே, தண்ணீரைக் கேட்டீர்களா?
பம்பு மே மாதம்வரை உறைந்து கிடக்கும்.
பட்டி இருப்பது அந்த மேட்டில், ஆறு இந்தப் பள்ளத்தில்.
பனியிலா தேய்ப்பான் துர்குன்பாய்?"

பதினான்கு கேள்வியை இன்னொரு முறை படித்தேன்.
ஒன்றிலும் தண்ணீர் இல்லை.
தாளைத் தயாரித்தது நான்.
மாணவர்கள் என்னைப் பார்க்காமல்
சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள், வெகுநேரம்.

பிறகு வாளி தூக்கிக்கொண்டு ஏறினோம்.
ஆற்றிலிருந்து பட்டிக்கு இருபத்திரண்டு நிமிடம்;
வந்து சேர்ந்தபோது பாதி வாளி என் சப்பாத்துக்குள்.
துர்குன்பாய் சிரித்த சிரிப்பில்
ஒரு குட்டி மிரண்டு எழுந்து நின்றது.

பட்டிக் கம்பத்தில், தலைக்கு நேராக,
அடியில் குமிழ் வைத்த தகரத் தொட்டியொன்றைத் தொங்கவிட்டான் திலெக்.
குமிழை மேலே தள்ளினால் நீர் ஒழுகும்.
பக்கத்தில் ஒரு பிளாஸ்க், கயிற்றில் கோர்த்த சோப்பு,
கொக்கியில் ரப்பர் கையுறை ஐந்து ஜோடி.
ஆணி அறைந்தபோது கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு
அவன் சொன்ன வார்த்தையை அறிக்கையில் சேர்க்கவில்லை.

அது இரண்டு வருடம் முன்பு.
திலெக் இப்போது ஓஷ் நகரில்
பித்தப்பை அறுத்துக்கொண்டிருக்கிறான்.
அறுக்கட்டும். அதுவும் வேண்டும்.
அந்த ஊரில் எத்தனை இடுப்பு பிடிக்காமல் போயிற்றென்று
எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.
தொட்டி இன்னும் தொங்குகிறதா, தெரியாது.

போன வாரம் ஒரு படம் அனுப்பினான், ஒரு சொல்லும் சேர்க்காமல்.
கனிஷாய் அவனுக்கு அனுப்பியதாய் இருக்கவேண்டும்:
கோடு போட்ட தாள், அவளுடைய சாய்ந்த எழுத்து.
மாவு. சர்க்கரை. சோப்பு. மாவு. சோப்பு.
விரலை வைத்து எண்ணினேன்.
பத்தொன்பது கட்டி.
பெரும்பாலும் கடன்.