பாதிக் குளியல்

"தலையில் நுரை இருக்கும்போதுதான் நிற்கிறது" என்றார்
நிபால்தோ குசானோவிச், தொலைபேசியில்,
ஏதோ நான்தான் வந்து நிறுத்திவிட்டுப் போவதுபோல.
"சரியாக நாலு நிமிஷம். ஐந்தாவதில்
மகெல்லன் நீரிணையே தலையில் விழுகிறது."

அன்றைக்குப் புன்ட்டா அரேனஸில்
காற்று மணிக்கு நூறு.
சதுக்கத்தில் ஆட்கள் பிடித்து நடக்கக்
கயிறு கட்டியிருந்தார்கள்.
கருவிப்பெட்டியின் கனம் மட்டும் இல்லாவிட்டால்
அர்ஜென்டினாவில் போய் இறங்கியிருப்பேன்.

சமையலறைச் சுவரில் கீசர்.
மீன் கம்பெனிக் காலண்டருக்கும்
ஓடாத கடிகாரத்துக்கும் நடுவே.
முதலில் பாட்டரி. எப்போதும் முதலில் பாட்டரிதான்.
பாதி வீடுகளில் வேலை அதோடு முடிந்து,
மிச்ச நேரம் கூலி கேட்கக் கூச்சப்படுவதில் போகும்.
இங்கே இரண்டும் புதிது.
தண்ணீர் நுழையும் இடத்து வடிகட்டி:
கடுகளவில் நாலைந்து மணல். தட்டிவிட்டேன்.

அடுத்தது ரப்பர் சவ்வு.
தண்ணீர் வந்து அதைத் தள்ளினால்தான்
கேஸுக்கு வழி திறக்கும்.
நெருப்பின் சாவியைத் தண்ணீரிடம் கொடுத்துவைத்த
அந்த ஆள் யாரோ, நன்றாக இருக்கட்டும்.
வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன்.
கிழிசல் இல்லை.

பற்றவைத்தேன்.
நீலச் சுடர்கள், வரிசை கலையாமல்.
ஒரு நிமிஷம். இரண்டு.
மூன்றாவதில் நுனிகள் மஞ்சளாகி
திசை தெரியாமல் நாக்கு நீட்டின.
ஜன்னல் கண்ணாடி வியர்த்தது.
நாலில்,
டக்.

"பார்த்தாயா! அந்த ஒயர்தான்.
மேலே காசு மாதிரி ஒன்று இருக்கிறதே,
அதன் ஒயரை நறுக்கி முறுக்கிவிட்டால்
அப்புறம் நிற்கவே நிற்காதாம்.
பக்கத்து வீட்டு எலியேசர் சொன்னான்."
கையில் கட்டிங் பிளேயரோடு நின்றார்.

"அது நிற்காது. நீங்கள் நின்றுவிடுவீர்கள்" என்றேன்.

"தலைவலி உண்டா?"
"உண்டு. வயசு."
"குளித்த பிறகு?"
"குளித்த பிறகும் அதே வயசுதான்."

ஸ்டூலில் ஏறிப்
புகைக்குழாயின் வளைவைக் கழற்றி
உள்ளே கைவிட்டேன். மெத்தென்று ஏதோ.
செத்த பறவை என்று நினைத்தேன்.
இழுத்தால், கம்பளிக் காலுறை.
ஓரம் கருகி, குதிகாலில்
சிவப்பு நூலால் தைத்த ஒட்டோடு.

அது வெளியே வந்த கணத்தில்
குழாய் ஊதியது. மெல்லிசாக, நீளமாக.
நிபால்தோ சட்டென்று எழுந்து அடுப்புப் பக்கம் நடந்தார்.
பாதியில் நின்றார்.
அடுப்பில் ஒன்றும் இல்லை.

"ராத்திரி மூன்று மணிக்கு இப்படித்தான்.
மிர்னாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
வந்ததும் கெட்டில் வைப்பாள்.
இப்போது நத்தாலெஸில், அக்கா வீட்டில்.
மூணு வருஷம்."
காலுறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எழுந்து எழுந்து அணைக்கப் போனேன்.
எத்தனை தடவைதான் போவது?"

நான் மேலே கேட்கவில்லை.
அது என் வேலைக்குள் வராத குழாய்.

ஆனால் ஒன்று சொன்னேன்.
புகை வெளியே போக வழியில்லை,
திரும்பி உள்ளேதான் வந்திருக்கிறது.
காசு மாதிரி இருக்கும் அது அதை மோந்துபார்த்து
ஒவ்வொரு தடவையும் கேஸை மூடியிருக்கிறது.
பழுது என்று நீங்கள் கூப்பிட்டதுதான்
இந்தச் சமையலறையில்
ஒழுங்காக வேலை செய்த ஒரே சாமான்.

அவர் கட்டிங் பிளேயரை
மேஜை டிராயருக்குள் வைத்தார்.

வளைவை மாட்டி, இணைப்புகளை இறுக்கி,
கீசரின் வால்வை மூடிச்
சிவப்புச் சீட்டுக் கட்டினேன்.
வியாழக்கிழமை காற்று தணியுமாம்.
கூரையில் ஏறி, காற்றோடு சுழலும் தொப்பி ஒன்று மாட்டினால்
ஊதல் குறையும். முழுசாகப் போகாது,
அதையும் சொல்லிவிட்டேன்.
பில்லில் எழுதினேன்:
பாட்டரி இல்லை. சவ்வு இல்லை.
காலுறை ஒன்று, எடுக்கப்பட்டது.

"அதுவரை வெந்நீருக்கு?"
"கெட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு அலமாரியின் மேல்தட்டில் துழாவி எடுத்து,
தூசியைக் கழுவி, நிரப்பி, அடுப்பில் வைத்தார்.
நான் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அது கூவியபோது
இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தது
புகைக்குழாயை.