நாற்பத்தைந்து சென்டிமீட்டர்

திரு. கோ அனுப்பிய கணக்கில்
முப்பத்தெட்டாயிரத்து நானூறு வெள்ளி.
எங்கள் கையில் பத்தொன்பதாயிரம்.
அதிலும் இரண்டாயிரம் மதியின் பல்லுக்குக் கம்பி கட்ட.

பகலெல்லாம் நான்
பிறர் வீடுகளை வரைபவள்.
புக்கிட் தீமாவில் ஒரு நாய்க்குத்
தனியறை வரைந்திருக்கிறேன்,
வடிகாலோடு.
இரவில், புக்கிட் பாத்தோக்கின் ஒன்பதாம் மாடியில்,
முன்னிருந்தவரின் காலண்டர் ஆணி மட்டும் மிஞ்சிய
மூன்றறை வீட்டில் சப்பணமிட்டு
எனக்கொரு கோடு போடத் தெரியாமல் விழிக்கிறேன்.

படுக்கையறை இரண்டு.
ஒன்று மதிக்கு.
மற்றது எழிலனின் அக்கா நறுமுகைக்கு,
நீதிமன்றத் தாள்கள் வரும் வரை,
வந்த பிறகும்.

"கூடத்தில் பாதியை உயர்த்துவோம்.
மூன்று படி. மேலே நாம், கீழே பெட்டிகள்."
எழிலன் சிரித்தான்.
துறைமுகத்தில் கிரேனின் உச்சியில்
இரவு முழுக்க உட்கார்ந்திருப்பவன்.
அவனுக்கு இதுவும் ஓர் உயரமா.

சிமெண்டால் கட்ட முடியாது.
வீவக வீட்டுத் தரையின் பொறுமைக்கும்
கிலோக் கணக்கு உண்டு.
மரச்சட்டம், உள்ளே வெறுமை.
கூரை இருநூற்று அறுபது,
மேடை நாற்பத்தைந்து,
மிச்சத்தில் எழிலன் நிற்கலாம்;
கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்றினால்
மின்விசிறி விரலை வெட்டும்.
விசிறியைக் கீழ்ப்பாதிக்குத் தள்ளினேன்.
மேல்பாதிக்கு ஜன்னல் போதும்,
காற்றுக்கு நான் காசு எழுதவில்லை.

ஒரு விடிகாலை, பணி முடிந்து வந்தவனைத்
தரையில் படுக்கச் சொன்னேன்.
தோளைச் சுற்றி, காலைச் சுற்றிச்
சுண்ணக்கட்டியால் வரைந்து வருகையில்
இடுப்புக்கு வருமுன் தூங்கிவிட்டான்.
கொலை நடந்த இடம்போல் இருந்தது கூடம்.
அந்த உருவத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டு
இன்னொரு கட்டம்: மேடை.

பிறகு வெட்டத் தொடங்கினோம்.
கருங்கல் மேடைக்குப் பதில் லேமினேட்.
கண்ணாடிக் கதவுக்குப் பதில் திரை.
ஒளித்து வைக்கும் விளக்குகளை
ஒளித்தே விட்டோம்.
"கேன், கேன்" என்றார் திரு. கோ,
முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே.
இருபத்தோராயிரத்து அறுநூறில்
கணக்கு வந்து முட்டி நின்றது.

"மேடையை எடுத்துவிடு" என்றான் எழிலன்.
ஐயாயிரத்து இருநூறு.
சரியாகத்தான் கழித்திருந்தான்.
அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அந்த வீட்டில் எங்கள் முதல் சண்டை.
அறைந்து சாத்தக் கதவு இல்லை,
எல்லாவற்றையும் முதல் நாளே கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள்.
நான் கழிவறைக்குப் போனேன், அங்கும் கதவில்லை.
அவன் நடைபாதைக்குப் போனான்,
அங்கே மக்சிக் ரோஹாயா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.
திரும்பி வந்தோம்.
சொன்ன ஒவ்வொரு சொல்லும்
வெறுஞ்சுவரில் பட்டு
இரண்டு முறை கேட்டது.

மதி எழுந்தாள்.
சுண்ணக் கோட்டின் அருகே நின்று
பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு
ஒன்று, இரண்டு, மூன்று,
இல்லாத படிகளில் ஏறி
கட்டத்தின் நடுவில் உட்கார்ந்தாள்,
எங்களுக்கு முதுகு காட்டி.
"நான் மேலே இருக்கேன்.
கீழ இருக்கறவங்க மெதுவாப் பேசுங்க."

மெதுவாகவே பேசினோம்.

கொஞ்ச நேரம் கழித்து எழிலன் போனான்.
கோட்டுக்கு முன் செருப்பைக் கழற்றினான்.
காலைத் தூக்கி வைத்தான்,
என் வரைபடத்தில் இருந்ததைவிட உயரமாக.

சாயம் நாங்களே அடிக்கிறோம்.
சமையலறை அலமாரிக்குக் கதவு
அடுத்த தீபாவளிக்கு.
அறைகளுக்கு, யாரோ கழித்துப்போட்ட பழைய கதவுகள்.
படிவத்தில், உயர்த்தப்பட்ட பகுதி எதற்கு என்று
ஒரு சின்னக் கட்டம் கேட்டது.
சாமான் வைக்க, என்று எழுதினேன்.
பொய்யில்லை.