மண்ணெண்ணெய்க் கணக்கு

பாலம் இறங்கியதும் அக்பக்பா பக்கம்
ஒரு பலகை, நாலு கால், என் கடை.
வயிறு பெருத்த கண்ணாடிப் புட்டிகளில் பெட்ரோல்,
ஒரு புனல், வடிகட்டக் கிழிந்த துணி,
பலகைக்கு அடியில் மண்ணெண்ணெய்.

கோட்டோனூவின் மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு
முகம் முன்னால், நம்பர் முதுகில்.
இருட்டில் இரண்டும் தெரியாது.
எனக்குச் செயின்தான் ஆள்.

கரகரவென்று வந்தால் பல் தேய்ந்த சக்கரம்.
சுற்றுக்கு ஒருமுறை டக் என்றால்
ஒரு கண்ணி இறுகிக் கிடக்கிறது,
மடங்க மறுக்கும் முழங்கால் மாதிரி.
மூடியில் தட்டித் தட்டி வந்தால் தொங்கல் அதிகம்.
ஹுவேனுவின் வண்டி கீச்சிடும்.
எலிக்குஞ்சு என்று பெயர் வைத்திருந்தேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

ஹர்மட்டான் அடித்த மாதம்.
வடக்கே யார் வீட்டுச் சுவரோ தூளாகி வந்து
எங்கள் பல்லிடுக்கில் நறநறத்தது.
சிமெண்ட் மூட்டை, சினை ஆடு,
ஒருமுறை நின்ற வாக்கில் ஒரு ஃபிரிட்ஜ்
என்று வீதா வரைக்கும் சுமந்துவிட்டு
வந்து நின்றான்.
எலிக்குஞ்சுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"அரை லிட்டர் பெட்ரோல்."
"அரை லிட்டர் மண்ணெண்ணெயும்," என்றேன்.
"காசில்லை."
"கேட்டேனா?"

எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.
ஓடவிட்டுத் துடைத்த எப்பிஃபானுக்கு
இன்றைக்கு ஒன்பதரை விரல்.
நடு ஸ்டாண்டில் நிறுத்தி,
பின்சக்கரத்தைக் கையால் பின்னோக்கி உருட்டினான்.
என் பழைய பல்துலக்கி, அவன் பழைய பனியன்.
முதலில் கறுப்பு இறங்கியது,
அப்புறம் செம்மண்,
அப்புறம் எந்தக் கடற்கரையினுடையதோ வெள்ளை மணல்.
ஒரு கோழி இறகு.
ஒரு நீல நூல், முழ நீளம்,
பூப்போட்ட துணியிலிருந்து உருவியது.

"யாருடையது?"
"சவாரி."
சவாரிதான். நான் என்ன, வேறென்னவோ என்றா சொன்னேன்?

துடைத்துக் காயவிட்டு
தக்காளி விழுது டப்பாவில் கியர் ஆயிலை நீட்டினேன்.
கீழ்ப்பக்க ஓட்டத்தில், உட்புறமாக,
கண்ணிக்கு ஒரு சொட்டு.
நிறைய விட்டால் செயின் குடிக்காது, துப்பும்,
பின்னால் உட்காருகிறவள் பாவாடையில்.
(துப்பட்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன்.)

ஊறக் கால் மணி நேரம்.
அதில் நாங்கள் பேசியது டயர் விலை,
நைஜீரிய எல்லையில் கெடுபிடி,
மறுபடி டயர் விலை.
வறுத்த சேனைத் துண்டு நான்கில்
மூன்றை அவன் தின்றான்.

மிச்ச எண்ணெயை ஒற்றி எடுத்தான்.
நடுவில் தூக்கிப் பார்த்தான்: இரண்டு விரல் ஏறியது.
பூட்டுக் கண்ணியின் கிளிப்பை விரலால் தடவி
வாய் பின்பக்கம் பார்க்கிறதா என்று
மூன்று தடவை சரிபார்த்தான்.
ஒரு தடவை போதும். அது எனக்கும் தெரியும்.

போனான்.
போனதே கேட்கவில்லை.

அரை லிட்டர் மண்ணெண்ணெய்,
ஆயில் இருநூறு ஃபிராங்க்:
என் காசில் என் காதையே அடைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் சத்தமில்லாமல் வரும் ஒவ்வொரு வண்டிக்கும்
தலை நிமிர்ந்தது.
புது வண்டிக்காரர்கள், ஒரு போலீஸ்காரர்,
விளக்கணைத்துச் சரிவில் உருட்டி வந்த கடன்காரன் ஒருவன்.
நான்காம் இரவு யாரோ பலகையைத் தட்ட
புட்டி நழுவப் பார்த்தது.

"பேய் மாதிரி வருகிறாயே!"
"நீதானே செய்தாய்," என்றான்.
பழைய பாக்கியை எண்ணி வைத்தான்.
மண்ணெண்ணெய்க்கும் சேர்த்து.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

கிளம்பி, மீன் சந்தைப் பள்ளத்தில்
வண்டி இறங்கி ஏறியபோது கேட்டது:
சிலுக், சிலுக்.
பின் மட்கார்டில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.

பத்தாம் நம்பர் ஸ்பானர்
புனலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.
மழை வரட்டும்,
சொல்கிறேன்.