மனை எண் நாற்பத்தேழு

வடக்குப் பார்த்த மனை, முப்பதுக்கு நாற்பது.
தரகர் வண்டியை நிறுத்திய இடத்தில்
தார் முடிந்து களிமண் தொடங்கியது.
மஞ்சள் பூசிய கற்களை எண்ணிக்கொண்டே போனார்.
நாற்பத்தாறு வரை காய்ந்திருந்தது.
நாற்பத்தேழில் கணுக்கால் தண்ணீர்.

"மேட்டூர் திறந்தா ரெண்டு மாசம் இப்படித்தாம்மா.
மனையாயிடுச்சுன்னு வாய்க்காலுக்கு
இன்னும் யாரும் சொல்லலை."
தென்னரசு சிரித்தான்.
நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பழைய அறுவடையில் உதிர்ந்த நெல் ஏழெட்டுத் தூர்
யாரும் கேட்காமலே முளைத்து
பால் பிடித்து நின்றது.

வரும் ஜூனில் நிறைமதிக்கு நாலு முடிகிறது.
பள்ளிக்கூட விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள்,
நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி.
பேனாவைத் திறந்து மூடி வைத்திருக்கிறேன்.

சாலியமங்கலத்துக்குத் தெற்கே
அவன் பங்குக்கு ஒரு வீடு இருக்கிறது.
வாடகை இல்லை, முருங்கைக்காய் விலை தெரிய வேண்டியதில்லை.
ராத்திரி டூட்டி முடிந்து நான் தூங்கும் பகலில்
பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டாள் என்று தெரியாது,
சாப்பிட்டிருப்பாள்.
அந்த வீடுகளுக்கெல்லாம்
நான் பிறந்த தெரு எது என்று தெரியும்.
என் தம்பி ஒரே ஒருமுறை வந்துவிட்டு
ஏன் திரும்ப வரவில்லை என்றும் தெரியும்.
ஒன்பது வருஷத்தில் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.
கோயிலில் விபூதி மட்டும்
என் கைக்குக் கொஞ்சம் உயரத்திலிருந்து விழும்.
நிறைமதி கைக்கு எவ்வளவு உயரம் என்று
இன்னும் முடிவாகவில்லை.

இப்போது இருப்பது நாஞ்சிக்கோட்டை ரோட்டில் மாடி வீடு.
"சைவமா?" என்று கேட்டார்கள், அத்தோடு சரி.
கீழ்வீட்டம்மா ஆறு மாதம் படுக்கையில் கிடந்ததை
வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போன அன்றுதான்
தெரிந்துகொண்டேன்.
மருத்துவக் கல்லூரியில் தினம் எண்பது பேருக்கு
ரத்தம் எடுக்கிறவள் நான்.
மேலே பார்த்து ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்.
நானாவது கீழே பார்த்திருக்கலாம்.

தென்னரசு குறுவை என்பான், மதகு என்பான், முறை என்பான்.
கூட்டுறவு வங்கியில் கடன் எழுதுவதோடு சரி,
வயலில் இறங்கிப் பதினாறு வருஷமாகிறது.
ஊரை விட முடியாது என்றில்லை அவனுக்கு.
இவளைக் கட்டினதால்தான் போனான் என்று
ஊர் சொல்லிவிடக் கூடாது.

நாற்பத்தைந்தில் பூசாத செங்கல் வீடு ஒன்று.
நைட்டி மேல் துண்டு போட்ட பெண் வெளியே வந்தாள்.
"எந்த ஊரு நீங்க?"
அவளுக்குப் பேராவூரணியாம்.
பின்வரிசை வீட்டுக்காரர்களுக்குக் கீழ்வேளூர்.
இங்கே யாருக்கும் இந்த ஊர் இல்லை.
அடுத்த கேள்விக்கு நான் காத்திருந்தேன்.
வந்தது.
"ஊர்ல எந்தப் பக்கம்?"
சொன்னேன்.
ஒரு நொடி நின்றாள்.
அதற்காக நின்றாளோ,
அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்ததோ.
உள்ளே போய்த் தம்ளரோடு வந்தாள்.
"போர் தண்ணி, நூத்தம்பது அடி. லேசா இரும்பு வாடை இருக்கும்."
நிறைமதி ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.
பிறகு மிச்சத்தையும் குடித்தாள்.

தரகர் முன்பணம் பற்றிப் பேசினார்.
தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.
"அது ஒரு விஷயமே இல்லம்மா.
பதினஞ்சு லோடு மண்ணடிச்சா
ரோட்டை விட ஒரு அடி ஒசந்துடும்."
"எங்கேயிருந்து அடிப்பீங்க?" என்றான் தென்னரசு.
"நம்ம சாலியமங்கலம் பக்கந்தான்.
தெக்கால போனா நல்ல மண்ணு."

அவன் என்னைப் பார்க்கவில்லை.
நிறைமதி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி
ஒரு கதிரை உருவி, பாலை நசுக்கி,
விரலை முகர்ந்தாள்.
"இது யாரோடதும்மா?"

தரகர்தான் முந்திக்கொண்டார்.
"டோக்கன் போட்டா உன்னோடது பாப்பா."